"கதவைச் சாத்துங்கண்ணே!"

தஞ்சாவூரில் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது கண்ணாடி மாற்றத்தான். டோக்கன், பெஞ்சு, வரிசையாக எல்லோருக்கும் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து: உங்களுக்குத் தெரிந்ததுதான். சிஸ்டர் மருந்தைச் சாய்க்கப்போன நேரத்தில் ஓர் இளம் டாக்டரம்மா தடுத்தார். "இவங்களுக்கு இப்ப வேண்டாம். கோணம் குறுகலா தெரியுது, கோனியோ பார்த்துடறேன்." கோணம் என்றால் கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் மூலை; கோனியோ, அதை லென்ஸ் வைத்துப் பார்க்கும் சோதனை. மூலை மூடினால் நீர் தேங்கிக் கண்ணில் பிரஷர் ஏறும். லண்டனில் என் கண்ணைப் பார்ப்பவர் காற்றை ஊதி, கண் பிரஷர் நார்மல் என்று அனுப்பிவிடுவார். அம்மாவுக்கும் பிரஷர் 16தான்!

இருட்டறை. கண் மரத்துப்போக ஒரு சொட்டு, அதன் மேல் கண்ணாடி பதித்த லென்ஸ். வெளிச்சம் பட்டால் பாப்பா சுருங்கிவிடும், மூடியிருக்கும் கோணம்கூடத் திறந்ததுபோலக் காட்டும். அதனால்தான் இருட்டு. இதை அந்த டோக்கன் அண்ணனிடம் யார் சொல்வது? கதவைத் திறந்து "46!" என்றார். மறுபடி இருட்டாக்கி உட்கார்ந்தால் "46 யாருங்க?" டாக்டர் கத்தியேவிட்டார், "கதவைச் சாத்துங்கண்ணே!" அந்தக் காலத்துக் கரண்ட் கட் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மெஷினும் ஓடாது.

ஒருவழியாக டிவியில் காட்டினார். கோணத்திலிருக்கும் வடிகால் வலை மேல் ஒழுங்கில்லாத கருப்புத் திட்டுகள். "கதவு நிலையில உரசினா பெயிண்ட் ஒட்டுமே, அந்த மாதிரி. பாப்பாவைச் சுத்தி இருக்கிற ஐரிஸ் அங்க போய்ப் போய் ஒட்டி விலகியிருக்கு." கண்ணுக்குள் மிதக்கும் நிறத்துகள் கீழே படிவது பலருக்கும் உண்டாம். அம்மாவுக்குத் திட்டு இருந்ததோ மேல்பக்கம், கோணம் ரொம்பக் குறுகலான இடத்தில். (லென்ஸின் கீழ்க் கண்ணாடியில் தெரிவது மேல்பக்கம். எனக்குத் தலை சுற்றியது.) லென்ஸை லேசாக அழுத்தினார், கோணம் திறந்தது. நிரந்தரமாக ஒட்டவில்லை, தொட்டுத் தொட்டு விலகுகிறது என்று அர்த்தம். பிரஷர் ஏறாமலே இந்தக் கறை காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆசியர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, கண் நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமாவில் இந்த மூடுகோண வகை அதிகம். கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்; சித்திக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

ஐரிஸில் லேசரால் துளை போட்டார்கள், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கடுப்பு கடைசியில்தான். சீட்டில் இருந்தது "பிரஷர் 16, லேசர் ஆயிற்று, ஒரு வாரம் கழித்து வரவும்". திட்டைப் பற்றி ஒரு வரி இல்லை, படமும் இல்லை. அடுத்த முறை வேறு டாக்டர் பார்த்தால் லேசர் எதற்கு என்று எப்படித் தெரியும்? கேட்டதற்கு, "படம் தர்ற வழக்கம் இல்லைங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். லண்டன் டாக்டர்கள் ஒன்றுமில்லாததற்கும் இரண்டு பக்கக் கடிதம் எழுதுவார்கள். நான் திரும்பிப் போய் நின்றதும் டாக்டரம்மாவே பேனாவால் ஒரு வட்டம் வரைந்து, மேல்பாதியில் புள்ளி வைத்துக் கையெழுத்துப் போட்டார். பில்லில் மட்டும் 'கோனியோ' தனி வரியாக இருந்தது, தொகையோடு.