பழைய படகு, நாலு வருஷம், ஒரு ரப்பர் ஹோஸ்

பதினேழு அடி ஃபைபர் படகு. பின்னால் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், நாலு ஸ்ட்ரோக், மூன்று சிலிண்டருக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க மூன்று கார்புரேட்டர். படகோட்டும் உரிமம் எடுத்த கையோடு, 2021-ல் சிங்கப்பூரில் நானும் மனைவியின் தம்பியும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் கைமாற்றிய படகு. எஞ்சின் எந்த கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. நடந்ததில் பாதிக்கு மேல் எங்கள் தப்புதான்.

வாங்கப் போன அன்றே ஒரு தப்பு. எஞ்சின் மூடியில் கை வைத்தேன், சூடாக இருந்தது. "உங்களுக்காகத்தான் ஸ்டார்ட் பண்ணி வச்சேன்" என்றார் விற்றவர். எனக்கும் அது மரியாதையாகவே பட்டது. ஆறின எஞ்சின் எடுக்கத் திணறும் கோளாறு எதுவும் சூடான எஞ்சினில் தெரியாது என்பதை அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். இப்போது யாராவது படகு பார்க்கக் கூப்பிட்டால், நான் வரும்வரை சாவியைத் தொடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஆரம்பித்தது வினை. ஒரே சாவியில் எடுக்கும், சும்மா நிற்கும்போது பூனை மாதிரி உறுமும். கரையில் பொங்கோலில் இருந்து கிளம்பி 4,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 4,000 சுற்று) தாண்டிப் பத்து நிமிடம் ஓடினால் போதும், மூச்சு வாங்கி 2,500-க்கு இறங்கிவிடும். த்ராட்டிலைக் குறைத்து ஒரு நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் திரும்ப ஓடும். இன்னும் பத்து நிமிடம், மறுபடி அதே கதை.

ஸ்பார்க் பிளக் மூன்றையும் மாற்றினோம். தீரவில்லை. ஒரு பட்டறையில் கார்புரேட்டர்களைக் கழற்றிக் கழுவித் தந்தார்கள், 320 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அப்புறம் இக்னிஷன் காயில், 260 வெள்ளி. ஒவ்வொரு முறையும் கட்டியிருந்த இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, "பார்த்தீங்களா, சரியாயிடுச்சு" என்றார்கள். கட்டிப்போட்ட படகில் எஞ்சினுக்குச் சுமை ஏது? எங்களுடையது சுமையில் மட்டும் வரும் கோளாறு. கடலுக்கு எடுத்துப் போய் ஓட்டிப் பாருங்கள் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உபின் தீவின் வடக்குப் பக்கம், மீன் பண்ணைகளைத் தாண்டியதும் மொத்தமாக நின்றுவிட்டது. அங்கே நீரிணை குறுகல். நீரோட்டம் மெதுவாக மலேசியாவின் ஜொகூர் பக்கம் இழுக்கிறது. அந்தப் பக்கம் போய்விட்டால் எஞ்சின் கோளாறு என்று யாருக்கு விளக்கம் சொல்வது? நங்கூரத்தைப் போட்டுவிட்டுத்தான் மூச்சே வந்தது. பின்னால் குனிந்து பார்த்த தம்பி, "அத்தான், இது ஏன் இப்படி இருக்கு?" என்றான். பெட்ரோல் ஹோஸின் நடுவில், எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றக் கையால் அமுக்கும் ரப்பர் பிரைமர் பல்ப் கருவாடு போலத் தட்டையாக ஒட்டிக் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம், ஒரு நிமிடத்தில் தானாக மெல்ல உப்பியது. சாவியைத் திருப்பினேன், எடுத்துக்கொண்டது.

திரும்பி வந்ததும் பக்கத்துப் படகுக்காரர் ஒரு சீன அங்கிளைக் காட்டிவிட்டார். எழுபதை நெருங்கும் மெக்கானிக், எங்களிடம் மலாயில்தான் பேசுவார். எஞ்சின் மூடியைத் திறக்கவே இல்லை. முதல் கேள்வியே, "பல்ப் மாச்சாம் மானா?" பல்ப் எப்படி இருந்தது என்கிறார். தட்டை என்றதும் சிரித்துவிட்டார். பல்ப் தட்டையானால் எஞ்சின் உறிஞ்சுகிறது, பின்னாலிருந்து பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தமாம். ஆகவே அடைப்பு டாங்கிக்கும் பல்புக்கும் நடுவில்தான். பல்ப் கெட்டியாக நின்று எஞ்சின் மட்டும் திணறினால் பல்பைத் தாண்டி மேலே தேட வேண்டும்.

முதலில் டாங்கியின் காற்றுத் துளையைச் சந்தேகப்பட்டார். மூடியைத் திறந்து வைத்தே ஓட்டினோம், மாற்றமில்லை. அடுத்து தன்னிடமிருந்த 12 லிட்டர் கையடக்க டாங்கியை அதன் சொந்த ஹோஸ், பல்புடன் நேராக எஞ்சினில் மாட்டிவிட்டார். உபினை நோக்கி அரை மணி நேரம், 5,500 ஆர்பிஎம், ஒரு திணறல் இல்லை. மொத்த எஞ்சினுக்கும் அந்த அரை மணியில் நற்சான்றிதழ் கிடைத்துவிட்டது. கார்புரேட்டருக்கும் காயிலுக்கும் கொடுத்த 580 வெள்ளி தண்டம்.

தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது, இந்த ஊர் ஈரக் காற்றில் அது வழக்கம். மாற்றினோம், திணறல் அப்படியே இருந்தது. கடைசியில் டாங்கியிலிருந்து ஃபில்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றிப் பேனாக்கத்தியால் நீளவாக்கில் கீறினார். வெளியே புதுசு மாதிரிப் பளபளப்பு. உள்ளே பூச்சு சின்ன வெங்காயத் தோல் போல உரிந்து, ஒரு மடல் வழியிலேயே தொங்கியது. மெதுவாக ஓடும்போது அது ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும்; வேகமாக உறிஞ்சினால் போய்க் கதவு மாதிரி அடைக்கும். எஞ்சின் ஓய்ந்தால் திறந்துகொள்ளும். மூன்று மாதம் எங்களை ஆட்டிவைத்தது அந்த மடல்தான். புது ஹோஸ் 40 வெள்ளி கூட ஆகவில்லை.

அன்றே அவர் மூன்று சிலிண்டரின் கம்பரஷனையும், அதாவது உள்ளே காற்று அழுந்தும் அழுத்தத்தையும், அளந்தார்: 185, 180, 182. எண் எவ்வளவு என்பதைவிட, ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

இரண்டாம் வருஷம் சூடு. பக்கவாட்டில் பீய்ச்சும் குளிர்விக்கும் தண்ணீர் நூலாக இளைத்தது. பிறகு அலாரம் அலறி எஞ்சின் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. இந்த முறை பணத்தை வெளியே எடுக்காமல், அந்தத் தண்ணீர் பீய்ச்சும் துளையில் ஒரு நைலான் நரம்பை விட்டுக் குத்திப் பார்த்தேன். பலனில்லை. குளிர்விக்கும் தண்ணீரை உள்ளே தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைத் திறந்தால் ஓர் இதழ் காணோம். புதுசு போட்டால் மட்டும் போதாது, உடைந்த துண்டு போய் வழியில் எங்கே சிக்கியிருக்கிறது என்று தேடி எடுக்க வேண்டும். எடுத்தோம். சூடு ஏறினால் திறந்து தண்ணீரை ஓடவிடும் தெர்மோஸ்டாட்டை வீட்டில் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்துச் சோதித்தேன். கார்களைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே திறக்க வேண்டிய சாமான் அது. உப்புப் பிடித்து, தண்ணீர் தளதளக்கிறது, அது அசையவில்லை. அந்தச் சட்டியில் இனிமேல் ரசம் வைக்கமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். அதுவும் இப்போது படகில்தான் இருக்கிறது.

மற்றபடி ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவுகிறோம், வருஷம் ஒரு இம்பெல்லர் மாற்றுகிறோம். ஓடிய நேரமும் ஆர்பிஎம்மும் ஒரு நோட்டில் ஏறுகின்றன. கோளாறு வந்தால் அங்கிளிடம் நோட்டைத்தான் முதலில் நீட்டுவேன்.

போன வாரம் கியர் ஆயில் இறக்கினேன். தேன் நிறத்தில் வர வேண்டியது பால் விட்ட தேநீர் மாதிரி வந்தது. தண்ணீர் உள்ளே போகிறது. புரொப்பெல்லருக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுத்திருக்கும் என்பது என் கணிப்பு. தம்பியோ அது தன் நரம்பு இல்லை என்று இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டான். சனிக்கிழமை கழற்றினால் நரம்பின் நிறம் தெரிந்துவிடும்.