ஹாலி ஜாக்சன் நாவல்கள்: எந்தப் பதிப்பு, எந்த வரிசை, எங்கே சறுக்கல்

பிரிட்டிஷ் எழுத்தாளர் ஹாலி ஜாக்சனின் பதின்பருவத் துப்பறியும் தொடரில் முதல் நாவலைத் திறந்தால் கதை வருவதில்லை, படிவம் வருகிறது. 17 வயது பிப் ஃபிட்ஸ்-அமோபி தன் பள்ளி ஆய்வுத் திட்டத்துக்காகக் கொடுக்கும் விண்ணப்பம் அது. 2012-இல் காணாமல் போன ஆண்டி பெல்லின் வழக்குதான் தலைப்பு. அவளைக் கொன்றது காதலன் சால் சிங்தான் என்று லிட்டில் கில்ட்டன் ஊரே முடிவு கட்டி ஐந்து வருஷம் ஆகிவிட்டது. சால் காட்டில் இறந்து கிடந்தான். ஆண்டியின் உடல் கிடைக்கவே இல்லை. சாலின் தம்பி ரவியோடு சேர்ந்து பிப் அந்த வழக்கைத் தோண்டுகிறாள்.

'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்' (2019) மற்ற பதின்பருவத் துப்பறியும் கதைகளிலிருந்து விலகி நிற்பது இந்தக் காகிதங்களால்தான். பேட்டிகள் சொல்லுக்குச் சொல் அச்சாகின்றன. ஊரின் வரைபடம் இருக்கிறது. பிப்பின் ஆய்வுக் குறிப்புகளில் சந்தேகப் பட்டியல் பெயர் பெயராக நீள்கிறது. அத்தியாயங்கள் படர்க்கையில் போக, குறிப்புகளை மட்டும் பிப்பே 'நான்' என்று எழுதுகிறாள். வித்தை இங்கேதான். பேட்டியில் ஒருவர் ஐந்து விஷயம் சொல்வார். அதில் இரண்டைத்தான் பிப் பிடித்துக்கொள்வாள். விட்டுப்போனது நம் கண்ணெதிரேயே அச்சில் கிடக்கும். ஆகவே பேட்டிப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டுக் குறிப்பை மட்டும் படிப்பவர் பிப் ஏமாறும் இடத்திலெல்லாம் கூடவே ஏமாறுவார். ஒரு தாளில் நேரங்களை எழுதிக்கொண்டே படிப்பது நல்லது. ஆண்டி காணாமல் போன இரவு சால் தங்களை விட்டு எப்போது கிளம்பினான் என்பதில் நண்பர்கள் முதலில் ஒன்று சொல்லி, பிறகு 10:30 என்று மாற்றினார்களே, முதல் பாதி முழுக்க அந்த ஒரு முடிச்சில்தான் தொங்குகிறது.

குறைகளும் உண்டு. பிபிசி நிருபர் என்று போனில் பொய் சொல்லித் தகவல் கறக்கும் மாணவியிடம் ஊரில் பலரும் இவ்வளவு தாராளமாகப் பேசுவது கொஞ்சம் உதைக்கிறது. அதைவிடப் பெரிய குறை, கடைசியில் எல்லாமே வாக்குமூலமாகக் கொட்டப்படுவது. அதுவரை தாளில் ஆதாரம் காட்டிய ஜாக்சன், முடிவை மட்டும் வாயால் சொல்ல வைத்துவிட்டார்.

வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். அமெரிக்கப் பதிப்பில் ஊரையே கனெக்டிகட் மாநிலத்துக்குத் தூக்கிப் போய் ஃபேர்வியூ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தின் சின்ன ஊர், அதில் ஓர் இந்திய வம்சாவளிப் பையன்மேல் பழி அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்வது, இதெல்லாம் மூலத்தில்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. பிரிட்டிஷ் பதிப்பையே தேடி வாங்கலாம். சின்னத் திரையுள்ள மின்வாசிப்பானும் வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கினாலும் படமாக வரும் வரைபடம் கூடவே பெரிதாகாது.

வரிசை மாறக் கூடாது. 'குட் கேர்ள், பேட் பிளட்' (2020) முதல் நாவலின் கொலையாளியை ஆரம்பத்திலேயே சொல்லிவிடும். பிப் இப்போது பாட்காஸ்ட் நடத்துகிறாள், நண்பனின் அண்ணன் ஜேமி காணாமல் போகிறான். தேடல் சில நாட்களுக்குள் நடப்பதால் மூன்றில் இதுதான் விறுவிறுப்பு. 'ஆஸ் குட் ஆஸ் டெட்' (2021) பாதியில் ஒரு திருப்பம் எடுக்கிறது. அதற்குப் பின் 'யார் செய்தது' என்ற கேள்வியே இல்லை. பிப் என்ன செய்கிறாள் என்பதுதான் கதை. புதிர் விடுவிக்க வந்தவர்களுக்கு எரிச்சல் வரும். ஆனால் இரண்டு வழக்குகள் ஒரு பெண்ணை என்ன ஆக்கும் என்பதை மழுப்பாமல் எழுதியிருப்பதால், தொடரிலேயே துணிச்சலான பகுதி அதுதான். முன்கதையான 'கில் ஜாய்' 1924-இல் நடப்பதாக நண்பர்கள் ஆடும் ஒரு கொலை விளையாட்டு, விட்டாலும் நஷ்டமில்லை.

பெற்றோர் கவனத்துக்கு: அட்டையைப் பார்த்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிவிடாதீர்கள். போதைப்பொருளும் பாலியல் வன்முறையும் முதல் நாவலிலேயே வருகின்றன. மூன்றாவது இன்னும் இருட்டு. முதல் நாவலை வைத்து எம்மா மையர்ஸ் நடித்த 2024 தொலைக்காட்சித் தொடர், ஆறு பகுதி, பார்க்கலாம். ஆனால் அந்தக் காகிதங்கள் திரையில் நம் கைக்கு வருவதில்லை, நாமாகக் கண்டுபிடிக்கும் சுகமும் அதோடு போய்விடுகிறது.

தொடருக்கு வெளியே, 'ஃபைவ் சர்வைவ்' (2022) ஆறு பேரை ஒரு வேனுக்குள் இரவு முழுக்க அடைத்து, வெளியே துப்பாக்கிக்காரனை நிறுத்துகிறது. பதற்றத்துக்குக் குறைவில்லை, துப்பறிய அதிகமில்லை. 'தி ரீஅப்பியரன்ஸ் ஆஃப் ரேச்சல் பிரைஸ்' (2024) வேறு ரகம். பதினாறு வருஷம் முன் மறைந்த தாய், தன்னைப் பற்றி ஒரு குழு ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே திரும்பி வருகிறாள். அவள் சொல்லும் கதையில் ஓட்டை இருப்பதாக மகள் பெல்லுக்கு உறுத்துகிறது. பிப் தொடரின் மூன்று புத்தகத்துக்கு நேரமில்லாதவர் இந்த ஒன்றை வாங்கலாம்.