வெளிவந்த முதல் ஆண்டிலேயே வாங்கிய கார்: ஒன்பது ஆண்டுகளின் பின்

இலங்கையில் 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதிலிருந்து, திருகோணமலையில் கார் வாங்க எண்ணும் உறவினர் பலர், முற்றாக மாற்றி வடிவமைக்கப்பட்ட புதிய மாடலை உடனே வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். 2016 இல் அப்படியொரு காரை, அது யப்பானில் வெளிவந்த ஆண்டிலேயே இறக்குமதியாளர் ஒருவரிடம் வாங்கி, இதுவரை ஏறத்தாழ 120,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன். அவசரப்பட வேண்டாம் என்பதே என் பதில்.

கார் நல்ல கார்தான். ஏசி நம் ஊர் வெயிலுக்கு ஈடுகொடுக்கிறது. 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் அதன் சிக்கனம் பேருதவியாக இருந்தது. ஆனால் வாங்கிய நான்காம் மாதத்தில், சந்தியில் நிறுத்தும்போது தானாக அணையும் இயந்திரம், பிரேக்கிலிருந்து காலை எடுத்த பின்பும் சில வேளைகளில் இயங்க மறுத்தது. பின்னால் பேருந்து ஒலியெழுப்ப, பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடுச்சந்தியில் நின்ற பதற்றம் இன்றும் நினைவிருக்கிறது. உப்புவெளியில் நான் வழமையாகச் செல்லும் கராஜில் இருப்பவர் கைதேர்ந்தவர். அவருடைய பரிசோதனைக் கருவியோ காரை அடையாளம் காணவில்லை. "இந்த மாடல் இன்னும் மெஷின்ல வரல்ல, ஐயா" என்றார்.

கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரண்டு முறை சென்ற பிறகே காரணம் தெரிந்தது. கட்டுப்பாட்டு மென்பொருளில் பிழை இருப்பதை உற்பத்தியாளரே ஒப்புக்கொண்டு, குறிப்பிட்ட செசி இலக்கங்களுக்குள் (ஒவ்வொரு காருக்கும் தனித்தனியே உள்ள அடையாள இலக்கம்) அடங்கும் கார்களை யப்பானில் இலவசமாகத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் காரும் அவற்றுள் ஒன்று. ஆயினும் அந்த அறிவித்தல் அந்நாட்டில் பதிவிலுள்ள உரிமையாளருக்கே போகும். கப்பலேறிய காரைத் தேடி வராது. திருத்தச் செலவு முழுவதும் என்னுடையதாயிற்று.

முதல் ஆண்டுக் குறைகள் பெரிய நிறுவனங்களையும் விட்டுவைப்பதில்லை. 2009 இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் பிரேக் மென்பொருளைத் திருத்த 2010 பெப்ரவரியில் உலகெங்கும் 400,000 க்கு மேற்பட்ட ஹைபிரிட் கார்கள் மீளழைக்கப்பட்டன. 2013 செப்டெம்பரில் வந்த ஹொண்டா ஃபிட்டின் ஹைபிரிட் வகை அடுத்த ஆண்டு ஒக்டோபருக்குள் ஐந்து முறை மீளழைக்கப்பட்டது. ஹொண்டாவின் உயரதிகாரிகள் தம் சம்பளத்தில் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுத்தார்கள். அந்த ஃபிட்டில் ஹைபிரிட் அமைப்பும் இரட்டைக் கிளச்சுக் கியர்பெட்டியும் ஒருங்கே புதியவை. ஆகவே புதிய மாடலில் உண்மையில் புதியது எது என்று முதலில் பாருங்கள். பழகிய இயந்திரத்துக்குப் புதிய உடல் போர்த்தியிருந்தால் அச்சம் குறைவு.

உதிரிப்பாகம் இன்னொரு தொல்லை. கந்தளாய்க்கு அருகே இரவில் ஒரு மாடு குறுக்கே பாய்ந்து இடப்பக்க முகப்பு விளக்கு உடைந்தது. கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்த மாடலில் இன்னும் எதுவும் கழிக்கப்பட்டு வராததால் பழைய விளக்கு எங்கும் இல்லை. புதியதை வரவழைக்க ஏழு வாரம் ஆயிற்று. இன்று அதே விளக்கு அங்கே தாராளமாகக் கிடைக்கிறது.

அதிகாரபூர்வ முகவரிடம் வாங்குபவருக்கு இந்தச் சிரமம் குறைவு. மீளழைப்பு வந்தால் அவரே அறிவித்துத் திருத்திக் கொடுப்பார். யப்பானிலிருந்து நேரே வரும் காராயின், முற்பணம் கொடுக்கும் முன் செசி இலக்கத்தைக் கேட்டு வாங்கி, உற்பத்தியாளரின் யப்பானிய இணையத்தளத்தில் உள்ள மீளழைப்புத் தேடலில் இட்டுப் பாருங்கள். பக்கம் யப்பானிய மொழியில் இருந்தாலும் கைபேசி மொழிபெயர்ப்பு போதும். ஆண்டை மட்டுமன்றித் தயாரிப்பு மாதத்தையும் கேளுங்கள். திருத்தங்கள் பெரும்பாலும் ஆண்டின் நடுவே தொழிற்சாலையில் சேர்க்கப்படுகின்றன. அயல்வீட்டில் இதே மாடல், 2018 தயாரிப்பு, நிற்கிறது. அது ஒரு நாளும் சந்தியில் அணைந்து நின்றதில்லை.

நிலாவெளியிலுள்ள என் மைத்துனர் இவ்வாண்டு வெளிவந்த மாடலொன்றுக்கு முற்பணம் கட்ட ஆயத்தமாகியிருந்தார். செசி இலக்கம் வரும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் அடுத்த கார் தேவைப்படுகிறது. வெளிவந்து இரண்டாம் ஆண்டில் தயாரானதையே தேடுகிறேன். அதுவரை இதே காரில்தான் போய்வருகிறேன். மென்பொருளைத் திருத்திய பின் இது என்னை ஒரு முறையேனும் வழியில் நிறுத்தவில்லை.