காரைக்குடியில் மொய் நோட்டு, மதுரையில் பில் கவுண்டர்

திருச்சி விமான நிலையத்தின் புது முனையம் பளிச்சென்று இருக்கிறது, வரிசையும் சீக்கிரம் நகர்கிறது. அங்கிருந்து காரைக்குடிக்கு டாக்ஸி எளிதாகக் கிடைத்தது. பயணக் குறிப்பு அவ்வளவுதான். இந்தத் தடவை விடுப்பில் பாதி, காரைக்குடி - மதுரை பஸ்ஸிலும் ஒரு கருத்தரிப்பு மையத்தின் பில் கவுண்டரிலும் கழிந்தது. அதைத்தான் எழுதுகிறேன். ஊரில் இருக்கும் தோழிக்கோ தங்கைக்கோ இந்தச் சிகிச்சைக்குக் கைகொடுக்க நினைக்கும், வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு உதவும்.

தோழி என்னோடு பள்ளியில் படித்தவள். தனியார் பள்ளியில் டீச்சர். வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை. மாமியார் ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுச் சொந்தக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், இவர்கள் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் குடியிருக்கிறார்கள். கல்யாணமாகிப் பல வருஷம். குழந்தை வரம் வேண்டித் திருக்கோஷ்டியூர் பெருமாள் கோயிலிலிருந்து எடுத்து வந்த விளக்கு, பூஜை அறையில் இருக்கிறது. பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் ஐயுஐ மேல் ஐயுஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்து, கடைசியில்தான் ஏஎம்ஹெச் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முட்டை இருப்பு எவ்வளவு என்று ஓரளவு காட்டும் ரத்தப் பரிசோதனை அது. முதல் மாதமே பார்த்திருக்க வேண்டியது. முப்பத்தைந்தைத் தாண்டிய ஒருத்தியை இப்படிக் காக்க வைத்தார்கள் என்பதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

ஐவிஎஃப், அதாவது முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கிக் கருப்பையில் வைப்பது, என்று முடிவானதும் அவள் முதலில் எடுத்துப் பார்த்தது மருத்துவக் காப்பீட்டுத் தாளை. காப்பீடு தராத விலக்குப் பட்டியலில் குறியீடு எண் 17, மலட்டுத்தன்மைச் சிகிச்சை. இந்தியா முழுக்க ஒரே மாதிரியாக வகுத்த விலக்குகளில் ஒன்று அது. தனியாகச் சேர்த்து எடுத்திருந்தால் ஒழிய, சாதாரணப் பாலிசியில் கிடைக்காது. நான் இருக்கும் சிங்கப்பூரில் குடிமக்கள் தம்பதிக்கு அரசு மருத்துவமனையில் 75 சதவீதம் வரை, ஒரு முறைக்கு 7,700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அரசே தாங்குகிறது என்று சொன்னேன். "அப்ப என்னைய அங்க கூட்டிட்டுப் போடி" என்றாள். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் இருக்கிறது. ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போக வேண்டிய சிகிச்சைக்குக் காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் போய்வர முடியுமா? அங்கே தங்கினால் அறை வாடகையும் சம்பள வெட்டும். ஆகவே மதுரை.

மதுரை மையத்தில் நான் முதலில் தேடியது சுவரில் மாட்டிய பதிவுச் சான்றிதழை. 2021ஆம் ஆண்டுக் கருத்தரிப்புச் சிகிச்சைச் சட்டப்படி ஐயுஐ மட்டும் செய்யும் இடம் முதல் நிலை, ஐவிஎஃப் செய்யும் இடம் இரண்டாம் நிலை. இரண்டாம் நிலை என்று சான்றிதழில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்ற வயது வரம்பும் அதே சட்டத்தில்தான். டாக்டர் நிதானமாகப் பேசினார், படம் போட்டு விளக்கினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் கீழ்த் தளத்து பில் கவுண்டரில்.

"பேக்கேஜ் ஒன்னு அறுபது மேடம், எல்லாம் அடங்கும்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். ஒரு லட்சத்து அறுபதாயிரம். எல்லாம் என்றால் எதெல்லாம் என்று தாளில் எழுதித் தரச் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். முட்டை எடுப்பது, ஆய்வகம், கரு வைப்பது உண்டு. ஊசி மருந்து கிடையாது. மயக்க மருந்து டாக்டர் கட்டணம் தனி. கருவை உறைய வைத்தால் தனி, அதைப் பிறகு எடுத்து வைக்கும்போது இன்னொரு கட்டணம், வருஷா வருஷம் பாதுகாப்புக் கட்டணம். ஊசி மட்டுமே எழுபதாயிரத்தை ஒட்டி வந்தது. அதிலும் ஆய்வகத்தில் தயாராகும் வகைக்கு ஒரு விலை, சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கும் பழைய வகைக்குக் குறைந்த விலை. இது அவளுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடமே கேட்டோம். பாதி நாளுக்கு மாற்றிக் கொடுத்தார். கேட்டதால் கிடைத்தது.

வெற்றி விகிதம் என்று வரவேற்பில் ஒரு பெரிய பலகை. எத்தனை பேருக்கு டெஸ்ட் பாசிட்டிவ் என்பதா, எத்தனை பேர் குழந்தையைக் கையில் வாங்கினார்கள் என்பதா, அதுவும் எந்த வயதுக்கு? மூன்றையும் கேட்டேன். முதலாவதுதான் என்று தெரிந்தது.

இனி பணம் சேர்த்த கதை. போட்டோ போட்டு இணையத்தில் நிதி திரட்டலாம் என்று எங்கள் பள்ளித் தோழிகளில் ஒருத்தி சொன்னாள். தோழி முகம் செத்துவிட்டது. நாலு தெருவுக்குத் தெரிந்தால் மாமியார் கோயிலுக்குப் போக முடியாது. அவள் அம்மா கீரமங்கலம் பக்கம். அங்கே ஆடியில் மொய் விருந்து வைத்துப் பணம் வாங்குவதை யாரும் இளக்காரமாக நினைப்பதில்லை, ஏனென்றால் வாங்கியது திரும்பப் போகும், நோட்டு இருக்கிறது. அதையே பிடித்துக்கொண்டோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, யார் எவ்வளவு என்று அவளே தன் கையால் எழுதினாள். எங்கள் வீட்டுக் காதுகுத்து, சடங்கு, கல்யாணத்துக்கு அவள் திருப்பிச் செய்வாள். அப்புறம்தான் அவளுக்குக் கூச்சம் போயிற்று.

ஆடிட்டர் சார் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "கல்யாண மொய்க்கு வரி கிடையாதும்மா, இதுக்கு உண்டு." சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் ஒருவர் வாங்கும் பரிசு மொத்தமாக 50,000 ரூபாய்க்குள் என்றால் பிரச்சினை இல்லை. தாண்டினால் தாண்டிய தொகை மட்டுமல்ல, முழுத் தொகையும் வருமானமாகக் கணக்காகும். அவளுடைய சம்பளத்துக்கு வரி வராமலே போகலாம், ஆனாலும் காட்டியாக வேண்டும். கணவனுக்கும் மனைவிக்கும் வரம்பு தனித்தனி. மார்ச் முடிந்து ஏப்ரல் பிறந்தால் புதுக் கணக்கு. உள்ளூர்த் தோழிகள் கொடுப்பது கைமாற்று என்றால் ஒரு தாளில் எழுதி, வங்கி வழியாகவே கொடுக்கச் சொன்னார். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது. "நீங்க வெளிநாடு, கடன்னா வேற சட்டம் வரும். பரிசாவே கொடுத்துருங்க." சிங்கப்பூரின் போன் வழிப் பணப் பரிமாற்றமான பேநவ்விலிருந்து இந்திய யுபிஐக்கு 2023 முதல் நேராக அனுப்பலாம், ஒரு நாளைக்கு ஆயிரம் வெள்ளி வரை. கடல் கடந்த பணம் காரைக்குடிக்குப் புதுசா என்ன? 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் திறந்ததே அதற்காகத்தான்.

பில்லில் வராத செலவுகளைத்தான் யாரும் கணக்குப் போடுவதில்லை. ஊசிகளை ஐஸ் பெட்டியில் மதுரையிலிருந்து கொண்டு வந்து, 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு சரியாகச் சாத்தாது. கேஸ்கட் மாற்ற எண்ணூறு ரூபாய். தினமும் சாயங்காலம் ஊசி போட ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் வந்தார். கடைசி ஊசிதான் நேரம் தவறக் கூடாதது. அது போட்டு 34லிருந்து 36 மணி நேரத்துக்குள் முட்டை எடுக்க வேண்டும். மறுநாளைக்கு அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு மதுரையில் என்பதால் இரவு ஒன்பதுக்கு ஊசி. எட்டே முக்காலுக்குக் கரண்ட் போய்விட்டது. வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், மாமியார் டார்ச் பிடிக்க, அக்கா ஒரு கண்ணைப் போனிலும் ஒரு கண்ணைச் சிரிஞ்சிலும் வைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, யாரும் பேசாதீக" என்று எங்களை அதட்டினார். கூலியாக அவர் ஒரு நாளைக்கு வாங்கியது ஐம்பது ரூபாய். இந்தப் பயணத்தில் நான் பார்த்த சேவைகளில் முதல் இடம் அவருக்குத்தான்.

முட்டை எடுத்தாயிற்று. ஐந்தாம் நாள் வரை வளர்ந்த கருக்கள் மூன்றை உறைய வைத்திருக்கிறார்கள். உடம்பு தேறியதும் தை மாதம் ஒன்றை வைப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டணத்துக்கு நோட்டில் பணம் இருக்கிறது. மீதிக் கருக்களின் பாதுகாப்புக் கட்டணம் என் பேரில். ஏப்ரல் பிறந்ததும் அனுப்பச் சொல்லியிருக்கிறார் ஆடிட்டர்.