பெல்ட் மட்டுமா, பேரிங்கா, முழு செட்டா: கேரவனில் கத்தும் சத்தத்துக்கு எதை மாற்றுவது?

ஒரே சத்தத்துக்காக எங்கள் கேரவனின் இன்ஜின் மூடியை ஒரு வருடத்துக்குள் மூன்று முறை திறந்தேன். முதல் முறை, இன்ஜினின் சுழற்சியால் டைனமோவைச் சுற்றும் ரப்பர் பெல்ட்டை மட்டும் மாற்றினேன். இரண்டாவது முறை, பெல்ட்டுக்கு வழிகாட்டும் சின்னச் சக்கரமான ஐட்லர் புல்லிக்குள் புது பேரிங் (உருளும் குண்டுகள் உள்ள வளையம்) அடித்தேன். கடைசியில், ஸ்பிரிங் விசையால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஐட்லர், பெல்ட் மூன்றையும் சேர்த்து மாற்றினேன். மூன்று வழியிலும் காசு போட்டுப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான்.

எங்களுடையது பழைய டீசல் வேன். பாளையங்கோட்டையில் வீட்டு வாசலில் வைத்தே பின்பக்கத்தைக் கட்டில், அடுப்படி, சின்ன ஃபிரிட்ஜ் என்று மாற்றினோம். இன்ஜினில் பாதி, முன்சீட்டு இரண்டுக்கும் நடுவே உள்ளே வந்து நிற்கும். அதன் மூடியை அணைத்தாற்போல ஒரு அலமாரி கட்டியிருக்கிறோம். எதை மாற்றுவது என்ற கேள்விக்கு என் விஷயத்தில் பதில் சொன்னது இந்த அலமாரிதான்.

சத்தம் ஆனி மாதத்தில் ஆரம்பித்தது. உவரியிலும் மணப்பாட்டிலும் நான்கு நாள் கடற்கரையிலேயே தங்கிவிட்டு, தேரிக்காட்டுச் செம்மணல் காற்றில் பறக்க, சாத்தான்குளம் வழியாகத் திரும்பினோம். மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் கீச்சென்று ஒரு கத்தல். தெருவே திரும்பிப் பார்த்தது.

காசு செலவழிக்கும் முன்னால் சத்தத்தைப் பிரித்துக் கேட்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நீளமாகக் கீ...ச்சென்று வந்தால் பெல்ட் வழுக்குகிறது. குருவி கத்துவதுபோல விட்டுவிட்டுக் கீச் கீச்சென்றால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அடித்தொண்டையில் உர்ரென்று தொடர்ந்து வந்தால் பேரிங். இதை உறுதிசெய்ய ஒரு தண்ணீர் பாட்டில் போதும். இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். சத்தம் சற்று அடங்கிவிட்டுத் திரும்ப வந்தால் நேர்கோட்டுப் பிரச்சினை. கூடினால் இழுவிசை குறைந்திருக்கிறது. வேட்டி, துண்டு, தலைமுடி எதுவும் பக்கத்தில் போகக்கூடாது. கை எட்டியே இருக்கட்டும்.

அப்புறம் இன்ஜினை அணைத்து, ஆறியதும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். கிரீஸ் நன்றாக உள்ள பேரிங் கொஞ்சம் பிடித்துப் பிடித்துச் சுற்றி நின்றுவிடும். பம்பரம்போல வெகுநேரம் சுற்றினால் பலர் நல்லது என்று நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பெல்ட் இல்லாமல் இன்ஜினை அரை நிமிடம் ஓடவிட்டும் கேட்கலாம். சத்தம் போய்விட்டால் பெல்ட் ஓடும் பாதையில்தான் கோளாறு. அதற்கு மேல் ஓட்டக்கூடாது, பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.

கேரவனுக்கு மட்டும் உள்ள சங்கதி ஒன்று உண்டு. ராத்திரி முழுக்க ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடி, அவற்றுக்கென வண்டியில் வைத்த தனி பேட்டரி இறங்கியிருக்கும். காலையில் இன்ஜின் ஓடியதும் டைனமோ அதை நிரப்ப முழு மூச்சாக இறங்குகிறது. 14 வோல்ட்டில் 50 ஆம்பியர் என்றால் 700 வாட். டைனமோவின் இழப்பையும் சேர்த்தால் பெல்ட் தூக்கும் சுமை ஒன்றரைக் குதிரைத்திறன் பக்கம் வரும். சத்தம் காலையில் முதல் பத்து நிமிடம் மட்டும் வருகிறது என்றால், எதையும் வாங்கும் முன் பேட்டரி சார்ஜ் இணைப்பைக் கவனியுங்கள். ஆம்பியரை 30க்குள் கட்டுப்படுத்தும் சார்ஜர் ஒன்றை நடுவில் போட்டாலே சிலருக்குப் பாதிச் சத்தம் போய்விடும். எனக்குக் குறைந்தது, போகவில்லை.

சரி, முதல் வழி. பெல்ட் மட்டும். மலிவு, எல்லா ஊரிலும் கிடைக்கும். பழைய பெல்ட்டின் முதுகில் 6பிகே என்று தொடங்கி ஒரு எண் இருக்கும். 6 என்பது வரிகளின் எண்ணிக்கை, பின்னால் வருவது மில்லிமீட்டரில் நீளம். அதைக் காட்டி வாங்கினால் போதும். இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் பெல்ட்டுகள் பழையவைபோல வெடிப்பு விடுவதில்லை. டயர் தேய்வதுபோல வரிகளின் பள்ளம் தேய்கிறது. அதனால் பார்வைக்கு நன்றாக இருக்கும் பெல்ட்டும் முடிந்துபோனதாக இருக்கலாம். ஆனால் பெல்ட்டைத் தேய்த்தது எது என்று பார்க்காமல் பெல்ட்டை மாற்றினால் எனக்கு நடந்ததுதான் நடக்கும். வண்ணார்பேட்டைப் பக்கம் மெக்கானிக் தம்பி அன்றைக்கே சொன்னார்: "பெல்ட்ட மட்டும் மாத்திட்டுப் போனியன்னா பத்து நாள்ல திரும்ப வருவிய அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க." பதினாறாம் நாள் புளியரை ஏற்றத்தில் அதே கத்தல்.

பெல்ட்டில் சோப்புக் கட்டியைத் தேய்ப்பதையும் ஸ்பிரே அடிப்பதையும் நான்காவது வழியாகக்கூட நான் எண்ணவில்லை. மணலை இழுத்து ஒட்டவைப்பதுதான் அதனால் கண்ட பலன்.

இரண்டாவது வழி மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஐட்லரைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்தால், பழைய பேரிங்கைப் பிரஸ்ஸில் தள்ளிவிட்டுப் புதிதை ஏற்றித் தருவார்கள். என் ஐட்லரில் இருந்தது 6203 என்ற எண்ணுள்ள பேரிங். உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். சின்ன மோட்டார்களிலும் இதே அளவு வருவதால் பேரிங் கடைக்குப் போனால் கையோடு வாங்கிவிடலாம். எனக்குக் கூலியோடு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. வாங்கும்போது இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள 2ஆர்எஸ் வகையாகக் கேளுங்கள். தகர மூடி போட்டது தேரி மணலைத் தாங்காது. அழுத்தும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் வழியே விசை இறங்கி, புது பேரிங் அங்கேயே பழுதாகிவிடும். ஐட்லர் பார்க்கச் சின்னது, ஆனால் இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் புல்லியின் பாதி விட்டம்தான் என்பதால் இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றும்போது இது 5,000 சுற்றுகிறது. ஆகவே நல்ல கம்பெனி பேரிங்காகப் போடுவது அவசியம்.

நான்கு மாதம் அமைதியாக ஓடியது. பிறகு குருவிச் சத்தம். இந்த முறை பெல்ட்டின் ஒரு ஓரம் நூல் பிரிந்திருந்தது. டென்ஷனரின் கை ஐட்லிங்கில் துள்ளிக்கொண்டிருந்தது, நல்ல டென்ஷனர் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கை திரும்பும் இடத்தில் உள்ள புஷ் என்ற வளையம் தேய்ந்து, புல்லி மயிரிழை சாய்ந்து, பெல்ட்டை ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது. பேரிங் எத்தனை புதிதாக அடித்தாலும் இந்தச் சாய்வு போகாது. ஸ்பிரிங்கின் விசை தளர்ந்திருந்தால் அதைப் பட்டறையில் சரிசெய்யவும் வழி கிடையாது.

அலமாரி விஷயம் இங்கேதான் வருகிறது. சாதாரண வேனில் இந்த வேலை ஒரு மணி நேரம். எங்கள் வண்டியில் முதலில் அலமாரியில் உள்ள அரிசி, பருப்பு, மருந்து எல்லாம் வெளியே வர வேண்டும். அலமாரியின் பதினான்கு ஸ்குரூ, அடியில் ஒட்டிய விரிப்பு, மூடி, அதன் ரப்பர் சுற்று. திரும்ப மாட்டும்போது மூடி சரியாக உட்காரவில்லை என்றால் சூடும் டீசல் வாடையும் பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் முழு ஒரு நாள் போனது. பிளைவுட்டில் ஸ்குரூ துளைகள் தளர்ந்து, இரண்டாம் முறைக்குப் பிறகு புதிதாகத் துளை போட வேண்டியிருந்தது. மூன்று பொருளும் ஒரே கிலோமீட்டர் ஓடியவை. ஒன்றை மட்டும் மாற்றி மூடினால், மற்றது போகும் நாளில் அதே அலமாரியைத் திரும்பக் கழற்ற வேண்டும். முழு செட்டுக்கு எனக்கு ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. முந்தைய இரண்டு முறை பொருளுக்கும் கூலிக்கும் போனதைக் கூட்டினால் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது, போன நாட்களைக் கணக்கில் சேர்க்காமலே.

பானட்டைத் தூக்கினால் பெல்ட் கண்ணுக்கு நேரே தெரியும் வண்டி வைத்திருப்பவர்கள், டென்ஷனர் கை ஆடாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு பேரிங் மட்டும் அடிக்கலாம். அவர்களுக்கு நான் ஏழாயிரம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். என் செட்டும் போட்டு ஒன்பது மாதம், ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஆகிறது.  ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் விட்டுச் சுற்றும் டைனமோ புல்லி சில புது வண்டிகளில் வருகிறது. அது கெட்டாலும் டென்ஷனர் துள்ளும். என் வண்டியில் அது இல்லாததால் அனுபவமாக எதுவும் சொல்ல முடியவில்லை.

கழற்றிய பெல்ட்டில் நூல் பிரியாதது ஒன்று, பேரிங் புதிதாக அடித்த ஐட்லர், ஒரு ஸ்பேனர் மூன்றையும் துணியில் சுற்றி டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பெல்ட் எந்தப் புல்லிக்கு மேலே, எதற்குக் கீழே போகிறது என்று வரைந்த தாள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அலமாரியையும் இப்போது ஸ்குரூவுக்குப் பதில் கீலும் கொக்கியும் வைத்து மாற்றிக்கொண்டிருக்கிறோம்.