சொந்த வீடு: இஎம்ஐ போக, போர் தண்ணி வைக்கிற செலவு

ஆபீஸில் கூட வேலை பார்க்கும் பெண் போன வாரம் கேட்டாள்: "அக்கா, நானும் உங்க மேடவாக்கம் பக்கந்தான் வீடு பார்க்கிறேன். இஎம்ஐ போக கையில எவ்வளவு எடுத்து வைக்கணும்?" அன்று காலையில்தான் எங்கள் வீட்டு கீசர் காயில் மறுபடியும் போயிருந்தது. பதில் காரமாகத்தான் வந்தது. இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

தமிழ்நாட்டில் பொதுவாக முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்பது வாங்கும்போதே தெரிந்துவிடும். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. மெயின்டனன்ஸ் மாதம் பிறந்தால் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும். பில் போட்டு வருகிற செலவை எப்படியோ சமாளித்துவிடலாம். பில்லே இல்லாமல் வருகிற செலவுதான் ஆளைச் சாய்க்கிறது. எங்கள் வீட்டில் அது போர் தண்ணி, அதாவது ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணி.

எலக்ட்ரீஷியன் கீசரைக் கழற்றி காயிலை வெளியே இழுத்தபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். செம்பு நிறமே தெரியவில்லை. விரல் தடிமனுக்கு வெள்ளைக் காறை. ஸ்க்ரூ டிரைவரால் ஒரு தட்டு தட்டினார், ஓடு ஓடாகப் பெயர்ந்து பக்கெட்டில் விழுந்தது. டேங்க் துருப்பிடிக்காமல் காக்கக் கூடவே இருக்கும் மெக்னீசியம் ராடு கரைந்துபோய் நடுவில் கம்பி மட்டும் மிச்சம். "உங்க தண்ணிக்கு இதெல்லாம் தாங்காதும்மா" என்றார்.

தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூடு பட்டதும் பிரிந்து காயில் மேல் படிகிறது. படிந்தபின் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கி, கடைசியில் காயில் எரிந்துபோகிறது. அதுவரை கரண்ட் பில்லும் ஏறிக்கொண்டே இருக்கும். இந்தச் சத்தின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள்; குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் தண்ணீர் கோடையில் அந்த 600-ஐயும் தாண்டுகிறது. வாஷிங் மெஷின், ஆர்ஓ மெம்பரேன், ஷவர், ஃப்ளஷ் டேங்க் வால்வு என்று தண்ணீர் தொடுகிற எதுவும் தப்புவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, சின்னச் சின்னத் தொகையாகப் போவதால் கணக்கிலேயே வராது. வீட்டை விற்றவர்கள் மாடுலர் கிச்சனைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினார்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2003-இலேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. எங்கள் கட்டடத்திலும் குழாய் இருந்தது, குழி மண் மூடிக் கிடந்தது. அசோசியேஷனில் சண்டை போட்டுத் தூர்வாரி, மொட்டை மாடித் தண்ணீரைப் பின்பக்கத்துப் பழைய கிணற்றுக்குத் திருப்பினோம். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மாடியில் அது மூன்று லட்சம் லிட்டருக்கு மேல்; வீணாவதைக் கழித்தாலும் 12,000 லிட்டர் லாரி இருபதுக்குக் குறையாது. அதற்குப் பிறகு வந்த தை மாதம், வருஷக்கணக்கில் நுரைக்காத சோப்பு கையில் நுரைத்தது. இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான். ஆனால் பங்குனி கடைசியில் பழைய தண்ணி திரும்பிவிடுகிறது.

வீட்டு விலையில் வருஷம் ஒரு சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் விலையில் பெரும்பகுதி மண்ணுக்குப் போகிறது, மண்ணுக்கு ரிப்பேர் கிடையாது. கட்டுமானத்துக்கு ஆன தொகையில் அந்த ஒரு சதவீதத்தைப் போட்டால் பெயின்ட், மாடி ஒழுகல், மோட்டார் எல்லாம் அடங்கும். அதற்கு மேல், தண்ணீர் தொடுகிற சாமான்களைப் புதிதாக வாங்கினால் என்ன விலையோ, அதில் ஐந்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் நான் தனிக் கணக்கில் போடுகிறேன். உப்புத் தண்ணி ஏரியா என்றால் இதைக் குறைக்காதீர்கள்.

வீடு பிடிக்கும். காற்று வரும், அக்கம்பக்கம் தங்கமான மனிதர்கள், பிள்ளைகள் பயமில்லாமல் விளையாடுகிறார்கள். இருந்தும் அந்தப் பெண்ணிடம் "இப்ப வாங்காதே, அதே தெருவுல வாடகைக்கு எடுத்து ஒரு சித்திரை வைகாசி இருந்து பாரு" என்றுதான் சொன்னேன். வாடகைக்கு இருந்து பார்க்க முடியாது என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் மே மாதத்தில் ஒரு பாட்டில் தண்ணி பிடித்து லேபில் கொடுக்கட்டும். தரைக்கடியில் இருக்கும் சம்புத் தொட்டியிலிருந்து பிடிக்க வேண்டாம், அதில் லாரித் தண்ணி கலந்திருக்கும். மோட்டாரைப் போடச் சொல்லி, போர் குழாயிலிருந்தே நேராகப் பிடிக்க வேண்டும்.