விர்ச்சுவல் சி.எம்.எம். மாட்யூல்: காசுக்குத் தகுமா?

கோவையில் பம்ப், வால்வு பாகங்கள் செய்யும் யூனிட் ஒன்றில் அளவீட்டு அறை என் பொறுப்பு. பாகத்தைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கும் எங்கள் பிரிட்ஜ் வகை சி.எம்.எம். மெஷினுக்குத் தனியாகக் காசு கொடுத்து, ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நம்பலாம் என்று கணக்கிடும் இந்த சாஃப்ட்வேர் மாட்யூலை வாங்கிப் போட்டோம். விற்பவர்கள் இப்போது ‘டிஜிட்டல் ட்வின்’ (மெஷினின் கணினி நகல்) என்கிறார்கள். பெயர்தான் புதுசு. சரக்கு 1990களிலேயே ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனமான பி.டி.பி.யில் உருவானது.

மெஷினின் 21 வடிவப் பிழைகள் (அச்சுக்கு 6 வீதம் 18, செங்கோணப் பிழை 3), தொடும் முனையான புரோப்பின் பிழை, அறை வெப்பநிலையின் ஏற்ற இறக்கம் எல்லாம் அதற்குத் தெரியும். நாம் பாகத்தை ஒரு தடவை அளந்தால் போதும். அதே புள்ளிகளை அந்தப் பிழைகளோடு மான்டே கார்லோ முறையில் (பிழைகளைத் தற்செயலாக மாற்றி மாற்றிப் போட்டு) திரும்பத் திரும்ப உள்ளுக்குள் அளந்து, ரிசல்ட் எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்து அன்சர்டெய்ன்டியை, அதாவது அளவு எவ்வளவு தூரம் தப்பியிருக்கக்கூடும் என்பதை, சொல்லிவிடும்.

இது இல்லாதபோது என்ன செய்வார்கள்? சர்டிபிகேட்டில் இருக்கும் எம்.பி.இ. எண்ணையே (மெஷினுக்கு அனுமதித்த அதிகபட்சப் பிழை) எடுத்து எல்லா அளவுக்கும் எழுதிவிடுவார்கள். அது நீளத்துக்கான வரம்பு. துளையின் மையத்துக்கோ வளைவின் ஆரத்துக்கோ அது பேசாது. முறையாகச் செய்ய ஐ.எஸ்.ஓ. 15530-3 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. ஆனால் அதற்கு நம் பாகத்தைப் போலவே காலிபரேட் செய்த, அதாவது துல்லிய அளவு முன்பே தெரிந்த, மாஸ்டர் பாகம் வேண்டும், குறைந்தது 20 தடவை அளக்க வேண்டும். ஜாப் ஒர்க் கடையில் எத்தனை மாஸ்டர் செய்து வைப்பது?

நான் சொக்கிப்போனது ஆரத்தில்தான். முழு வட்டத் துளைக்கு ஓரிரு மைக்ரான் காட்டும் மாட்யூல், ஒரு கேஸிங்கில் 30 டிகிரி மட்டுமே இருக்கும் வளைவின் ஆரத்துக்குப் பல மடங்கு காட்டியது. சந்தேகப்பட்டுக் கையால் கணக்குப் போட்டேன். அத்தனை சின்ன வில்லில் ஆரம் முழுவதும் வில்லின் உயரத்தை (நாணிலிருந்து வில்லின் நடுப்புள்ளி வரை) நம்பித்தான் நிற்கிறது; அந்த உயரம் ஆரத்தில் 3.4 சதவீதம்தான். உயரத்தில் 1 மைக்ரான் தப்பினால் ஆரத்தில் ஏறக்குறைய 28 மைக்ரான் தப்பும். மாட்யூல் சொன்னது சரி. டிராயிங்கில் அந்த ஆரத்துக்கு இறுக்கமான டாலரன்ஸ் (அனுமதிக்கும் விலகல்) போட்ட டிசைன்காரரிடம் ரிப்போர்ட்டை நீட்டினேன். வாய்ச்சண்டை இல்லாமல் அதை, வளைவின் வடிவத்தையே கட்டுப்படுத்தும் ப்ரொஃபைல் டாலரன்ஸாக மாற்றிக் கொடுத்தார். கொடுத்த காசில் பாதி எனக்கு அங்கேயே வந்துவிட்டது.

குறையும் உண்டு, சின்னதில்லை. பாகம் உருக்குலைந்திருப்பது இதற்குத் தானாகத் தெரியாது. லேத்தின் மூன்று தாடைப் பிடியான சக்கில் இறுக்கிக் கடைந்த துளை, கழற்றியதும் லேசாக முக்கோணச் சாயலுக்கு வரும். அதை நாலே புள்ளியில் தொட்டால் விட்டம் சரியாகவே வரும். மையம் மட்டும், மேடு புள்ளியில் பட்டால், அந்த மேட்டின் உயரமளவு தள்ளிப்போகும். மாட்யூலோ துளை சுத்தமான வட்டம் என்று நினைத்துக்கொண்டு அழகான சின்ன எண்ணைக் கொடுக்கும். உருவப் பிழையை நாம்தான் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆடிட்டர் கேட்டால் ‘சாஃப்ட்வேர் சொன்னது’ என்று தப்பிக்க முடியாது.

வெப்பநிலையும் அப்படியே. நிறுவ வந்த பையன் 20 டிகிரிக்கு மேலும் கீழும் அரை டிகிரி என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கள் அறையில் ஏப்ரல் மதியம் அந்தக் கதை நடக்காது. 100 மில்லிமீட்டர் எஃகு ஒரு டிகிரிக்கு 1.15 மைக்ரான் நீளும், அலுமினியம் அதைப்போல இரண்டு மடங்கு. அறை வெப்பநிலையைக் குறித்துவைக்கும் லாகரின் பதிவை எடுத்துப் போட்டதும் நீள அளவுகளின் எண் ஏறியது. ஏறிய எண்தான் உண்மை.

ஒரே பாகத்தை வருஷம் முழுக்க ஓட்டுபவர்களுக்கு இது வேண்டாம், ஒரு மாஸ்டர் போதும். தினம் ஒரு டிராயிங் வரும் கடைக்கு வாங்கலாம். என் மதிப்பெண் 5க்கு 4. டெமோவுக்கு அவர்கள் கொண்டுவரும் ரிங் கேஜை (துல்லியமாகச் செய்த வட்ட வளையம்) ஒதுக்கிவைத்து, உங்கள் பாகத்தையும் உங்கள் அறையின் வெப்பநிலைப் பதிவையும் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள்.